உனக்குன்னு தனியா

சவரிய முதல்ல கூப்பிட்டுட்டாவ. என்னைய இல்ல, சவரிய. கீழ கல்லாப் பக்கம் மணி அடிச்சுது, படி வழியா முதலாளி அண்ணாச்சி சத்தம் ஏறி வந்துது, சவரிமுத்து கொஞ்சம் வந்துட்டுப் போடேன்னு. நான் அப்பத்தான் மாம்பழக் கலர் பட்டு ஒண்ண உதறி விரிக்கேன், பாதி மெத்தையில விழுந்துட்டு, மீதி என் கையிலயே நிக்குது. காதுல சரியாத்தான் விழுந்துதான்னு ஒரு தடவை யோசிச்சேன். சரியாத்தான் விழுந்திருக்கு, ஏன்னா அடுத்த மெத்தையில இருந்த சவரி எந்திரிச்சு, சட்டையக் கீழ இழுத்து விட்டுக்கிட்டு, என்னைய ஒரு பார்வை பாத்துட்டு, படி இறங்கிட்டான். அது என்ன பார்வை? பாவம்னு பாத்தானா, பாத்தியான்னு பாத்தானா? சம்பளத் தேதிக்கு இந்தப் பட்டு மாடியில முதல் கூப்பாடு எனக்குத்தான். உச்சிமாகாளின்னு முழுசா கூப்பிட மாட்டாவ, காளி வாடேன்னு ஒரு இழுப்பு இழுப்பாவ, அந்த இழுப்புலயே கடைக்குத் தெரியும் யாரு மூத்தவன்னு. எனக்கு அடுத்து சவரி, சவரிக்கு அடுத்து மத்தவனுவ. யாரும் எழுதி வைக்கல, ஆனா தேர் எந்தத் தெரு வழியாப் போகணும்னு யாராவது எழுதியா வச்சிருக்காவ, அப்படித்தான் போகும், அப்படித்தான் போய்ட்டிருந்துது, இன்னைக்கு வரைக்கும். எனக்கு எதுத்தாப்புல கல்யாண வீட்டுக்காரங்க உக்காந்திருக்காங்க, பொண்ணு, பொண்ணோட அம்மை, அத்தைக்காரி ஒருத்தி. அம்மைக்காரி அப்படியே நிக்கிற என் கையப் பாத்துட்டு என்னண்ணே சாப்பிடலையான்னு கேட்டா. சாப்டாச்சுக்கா, இந்தக் கலர் பொண்ணுக்கு எடுப்பா இருக்கும், முந்தியப் பாருங்கன்னு நான் சொன்னேன். வாய் அது பாட்டுக்குச் சொல்லும். இந்த வாய்க்கு நான் தேவையே இல்ல, தூங்கும்போது கூட ஜரிகை கெட்டின்னு சொல்லும்னு செண்பகம் சொல்லுவா. அய்யோ, அவ பேர எதுக்கு இப்ப எடுத்தேன்.

செண்பகம் என் பெஞ்சாதி. வயிறு எரியுறது சவரியால மட்டும் இல்ல, அதைச் சொல்லிரணும், காலையிலயே பத்த வச்சது அவதான். பெரியாஸ்பத்திரியில துப்புரவு வேலை அவளுக்கு, காண்ட்ராக்டு. அந்தக் காண்ட்ராக்டுக்காரன் சட்டக் கூலின்னு ஒண்ணு இருக்குங்கதையே காட்டாம, அவன் மனசுல பட்டதத் தந்துட்டு இருந்தான். பொம்பளைங்க எல்லாம் சேந்து கேட்டாளுவ, தரலன்னதும் கேட்டுக்கு வெளிய உக்காந்தாளுவ, ஐப்பசி மழையில தார்ப்பாய்க்குக் கீழ. நான் போய் என்ன சொன்னேன், நனைஞ்சு காய்ச்சல் வந்தா அதே ஆஸ்பத்திரியிலதான் படுக்கணும், எந்திரிச்சு வான்னேன். வரல. பொழுதுக்கும் தோழர் சொன்னாரு தோழர் சொன்னாருன்னு இருந்தா. சங்கத்துல ஒரு ஆளு இருக்கான், கந்தவேலுன்னு பேரு, அவன்தான் தோழர். அவ வாயில நான் ஏங்க, அவன் தோழர். கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் ஏங்கதான், ஒரு நாள் கூட பேர் சொல்ல வேண்டாம், வேற ஏதாவது ஒண்ணு சொல்லியிருக்கலாம்லா. சரி போகட்டும். இப்பத் தீர்ப்பாயிட்டு. அரசாங்கம் வச்ச குறைஞ்ச கூலி எதுவோ அதுல சல்லிக்காசு குறையக் கூடாதுன்னு உத்தரவு வந்துட்டு, நேத்து சாயந்திரம் அவ போன்ல டிங்குன்னு ஒரு சத்தம் வந்துதாம். காலையிலதான் எங்கிட்டக் காட்டினா. பேங்குல வந்து விழுந்து கிடக்கு. பாத்தேன். என் சம்பளத்த விடக் கூட. கொஞ்சம் நஞ்சம் கூட இல்ல. நல்லதுட்டின்னு சொன்னேன். மாடியில பட்டு விக்கிறவன் நான், ஏசிக்குள்ள, வெள்ளை மெத்தையில, கையில ஒரு தூசி இருக்காது. அவ கக்கூஸ் கழுவுதா. இப்படி ஒரு நெனப்பு என் மண்டைக்குள்ள வந்துது, வந்தது நிஜம், வந்த நெனப்ப இல்லன்னு எப்படிச் சொல்லுவேன். அதோட விட்டாளா. ஒரு கவர நீட்டினா. உள்ள சட்டை. எனக்கு. இளம் நீலம், முழுக்கை. எங்க எடுத்தன்னேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல புதுசாத் திறந்திருக்கானே அந்தக் கடையிலன்னா. ஜவுளிக்கடைக்காரனுக்கு அவன் பெஞ்சாதி இன்னொரு ஜவுளிக்கடையில சட்டை எடுத்துக் குடுக்கா, உலகத்துல எங்கயாவது உண்டா? உங்க கடையில எடுத்தா உங்களுக்குத் தெரிஞ்சு போகும்லா, அதாங்கன்னா. அவ ஆசையாத்தான் எடுத்திருக்கா, தெரியுது. தெரிஞ்சும் எரியுது. தையலப் பாத்தேன், காலர் கொஞ்சம் சரியில்லன்னு சொன்னேன். காலர் நல்லாத்தான் இருந்துது.

அண்ணே பச்சையில இல்லையா, அத்தைக்காரி கேக்கா. இருக்குக்கா, இல்லாமலா. கிளிப்பச்சை, பாசிப்பச்சை, வாழைக்குருத்து, ஒண்ணு ஒண்ணா உதறுதேன். உதறும்போது வர்ற அந்தச் சத்தம் இருக்குல்லா, புதுப் பட்டு முறுமுறுன்னு, அது கேட்டா மனசு நிக்கும் எனக்கு. இன்னைக்கு நிக்கல. கீழ என்ன நடக்கு? போய் இவ்வளவு நேரம் ஆகுது. எனக்குன்னா சட்டுன்னு முடிஞ்சிரும். கல்லாவுக்குப் பின்னால ஒரு சின்ன சாமி ரூம் உண்டு, ரெண்டு ஆளு நின்னா மூணாவது ஆளுக்கு இடம் கிடையாது, சாம்பிராணி வாடை. உள்ள கூப்பிட்டு, கதவ ஒருக்களிச்சு வச்சுட்டு, துண்ணூறு பூசி விட்டு, கவர ரெண்டு கையாலயும் பிடிச்சு என் ரெண்டு கையில வைப்பாவ. வச்சுட்டு உடனே விட மாட்டாவ, அந்தக் கவர் கொஞ்ச நேரம் எங்க ரெண்டு பேர் கையிலயும் இருக்கும். அப்பத்தான் குரலத் தாழ்த்துவாவ. உனக்குன்னு தனியாப் பாத்து வச்சிருக்கேன்டே காளி, வெளிய சொல்லிராத, மத்தவன் வயிறெரிவான். முக்கியமா சவரிக்குத் தெரியக் கூடாது, அவன் சின்னப் புத்திக்காரன். சாமிக்கு முன்னால சரின்னு சொல்லு. சரின்னு சொல்லுவேன். மாசம் மாசம் சொல்லுவேன். கவர விட அந்தச் சத்தம்தான் எனக்குச் சம்பளம் மாதிரி, நெசத்தச் சொல்லணும்னா. காதுகிட்ட வந்து சொல்லுவாவ, வெத்தலை வாசம் அடிக்கும், பெத்த அப்பன் கூட எங்கிட்ட அப்படி ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. வெளிய வரும்போது சவரி முகத்த நான் பாக்க மாட்டேன். பாவம், அவனுக்குக் கொறச்சல்தான், நம்ம முகத்துல சந்தோஷம் தெரிஞ்சா அவனுக்குக் கஷ்டமா இருக்கும்னு தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு ஏறி வருவேன். இத்தனை வருஷமா அப்படி அவன் மேல இரக்கப்பட்டவன் நான். ஆனா அந்த மாதா படம் மட்டும் என்னைய உறுத்திக்கிட்டே இருக்கும். சவரி வேலைக்குச் சேந்த மாசம், சாமி ரூம்ல முருகனுக்கும் லெச்சுமிக்கும் நடுவுல வேளாங்கண்ணி மாதா படம் ஒண்ணு புதுசா வந்து உக்காந்துது, மாலையெல்லாம் போட்டு. அவன் ஒருத்தனுக்காக அண்ணாச்சி கடைத்தெருவுக்குப் போய் படம் வாங்கி ஆணி அடிச்சு மாட்டினாவ. எனக்காக என்னத்த மாட்டினாவ? எங்க குலசாமி சொடலை படம் ஒண்ணு உண்டா அங்க? கேட்டது இல்ல, கேக்க முடியுமா, ஆனா நெனச்சிருக்கேன். பட்டு மாடிக்கு மேனேஜர் போடணும்னு பேச்சு ஓடுது ரெண்டு மாசமா. அது எனக்குத்தான்னு நான் இருந்தேன். மாதா படம், இப்ப முதல் கூப்பாடு, ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தா? கெட்டுப் போச்சுடா காளி, உன் கதை.

விலை சொல்லுங்கண்ணேன்னு அம்மைக்காரி கேட்டா. சீட்டத் திருப்பிப் பாத்து விலையச் சொன்னேன். எங்க கடை வழக்கம், விலைய மெதுவாச் சொல்லக் கூடாது, மாடிக்கு அந்தக் கோடியில உக்காந்திருக்கிற பில்லுக்காரனுக்கும் கேக்கணும், சத்தமா விலை சொன்னாத்தான் வாங்குறவங்களுக்கும் அதுல ஒரு கெத்து. சத்தமாச் சொன்னேன். பக்கத்து மெத்தையில புடவை பாத்துட்டிருந்தவங்க கூடத் திரும்பிப் பாத்தாங்க, அம்மைக்காரி நிமிந்து உக்காந்தா. காலையில செண்பகமும் இப்படித்தான் கேட்டா, அடுப்படியில இருந்துக்கிட்டே, புடவை விலை கேக்க மாதிரி சாதாரணமா. கடையில நிக்கவங்களுக்கும் சட்டத்துல ஒரு கூலி இருக்காம், உங்களுக்கு அதுக்கும் கீழதாங்க வருது, தோழருகிட்ட கேட்டுட்டேன்னா. என் சம்பளத்த அந்தாளுகிட்டச் சொல்லியிருக்கா. சாமிக்கு முன்னால வெளிய சொல்ல மாட்டேன்னு நான் சத்தியம் பண்ணின தொகை, அது இன்னைக்கு கந்தவேலு வாயில கெடக்கு. எனக்குக் காது ரெண்டும் சூடாயிட்டு. உனக்கு ஒண்ணும் தெரியாது, கடையில மத்தவனுவளுக்கு இதை விடக் கம்மி, அண்ணாச்சி எனக்குன்னு தனியாத் தாராவன்னேன்.

"யாரு சொன்னா?"

அண்ணாச்சியே சொன்னாவன்னேன். மத்தவங்ககிட்டக் கேட்டுப் பாத்திருக்கீங்களான்னா. கேக்கக் கூடாது, அது முறையில்ல, எங்க கடையில ஒருத்தன் சம்பளத்த ஒருத்தன் கேக்க மாட்டோம்னேன். அப்ப சிரிச்சா பாருங்க. கிண்டலாச் சிரிச்சிருந்தா நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டிருப்பேன். இது அது இல்ல. தோசையத் திருப்பிப் போட்டுக்கிட்டே, தனக்குள்ளயே, ஏதோ தெரிஞ்ச ஆளு ரோட்டுல போறதப் பாத்த மாதிரி ஒரு சிரிப்பு. சிரிச்சுட்டுக் கேட்டுப் பாருங்கன்னா. அவ்வளவுதான். கடைக்கு எதுத்த டீக்கடையில டூட்டி முடிஞ்சு நிப்பேன், தோழரும் வாராரு, லேபர் ஆபீஸுல மனு குடுக்கணும்னா ஒரு ஆளு மட்டும் கையெழுத்துப் போட்டாப் போதாது, யாராவது கூட வந்தா வரட்டும், வரலன்னாலும் உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டேன்னா. ஒண்ணும் சொல்ல மாட்டாளாம். அதான் பொறுக்கல எனக்கு. என்ன ஆனாலும் அவளுக்கு இப்ப ஒண்ணும் ஆகாது. பேங்குல விழுது அவளுக்கு, எவன் கையையும் எதிர்பாக்க வேண்டாம், எவன் முன்னாலயும் குனிய வேண்டாம், அவ சம்பளம் ஊருக்கே தெரியும், பேப்பர்ல கூட வந்துது. நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கு இந்த மெத்தை எனக்கு உண்டா? அண்ணாச்சி மூஞ்சியில முழிக்க முடியுமா? வேற கடையில எனக்கு யாரு காளி வாடேன்னு இழுத்துக் கூப்பிடுவா? போடலன்னா இப்படியே இருக்கலாம். இப்படியேன்னா எப்படி, பெஞ்சாதி எடுத்துத் தார சட்டையப் போட்டுக்கிட்டு, காலர் சரியில்லன்னு குறை சொல்லிக்கிட்டு.

எழுந்து அலமாரிப் பக்கம் போனேன், அரக்குக் கலர் எடுக்க. அங்க ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு, ரோடு தெரியும். பாக்கக் கூடாதுன்னுதான் போனேன், பாத்துட்டேன். டீக்கடை முன்னால நிக்கா. ஆஸ்பத்திரிச் சட்டைய மாத்தாம, அந்த ஊதாக் கோட்டோட அப்படியே நிக்கா. பக்கத்துல அவன் நிக்கான். ரெண்டு கையிலயும் ரெண்டு டீ, ஒண்ண அவகிட்ட நீட்டுதான். அவ வாங்கி ஊதிக் குடிக்கா. ஏதோ சொல்லுதா, அவன் தலைய ஆட்டிக் கேக்கான். நான் அவ பேசும்போது அப்படிக் கேட்டிருக்கேனா? நான் வீட்டுக்குப் போனா கால் வலிக்குன்னு படுத்துருவேன், அவ பேசிக்கிட்டே இருப்பா, டிவியும் ஓடும். தப்பா ஒண்ணும் இல்லன்னு எனக்கே தெரியுது, அந்தாளுக்குத் தலை நரைச்சாச்சு, பேரன் பேத்தி எடுத்தவன், ஆனா கேக்கான்லா, அதான். அவ மேல எரியுதா, அவன் மேல எரியுதா, சவரி மேல எரியுதா, ஒண்ணும் பிரிக்க முடியல, எல்லாம் ஒரே நூலாச் சிக்கிக்கிட்டுக் கெடக்கு, ஒண்ண இழுத்தா இன்னொண்ணு இறுகுது. அரக்குக் கலர் எங்கண்ணேன்னு பின்னால சத்தம். இந்தா வாரேன்க்கா. பாத்தா என் கையில இருந்தது அரக்கு இல்ல, ஊதா.

கடைசியில அந்த மாம்பழக் கலரத்தான் எடுத்தாங்க. முதல்ல விரிச்சதையே எடுப்பாங்க, எப்பவும் அப்படித்தான், ஆனா மத்த எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் எடுப்பாங்க, இது பக்கத்துல அது எப்படி இருக்கு, அது பக்கத்துல இது எப்படி இருக்குன்னு. பில்லு போட அவங்க அந்தக் கோடிக்குப் போனாங்க. மெத்தை முழுக்கப் புடவை மலையாக் குவிஞ்சு கெடக்கு. அப்பத்தான் சவரி ஏறி வந்தான். நெத்தியில ஒண்ணும் இல்ல, அவனுக்குத் துண்ணூறு கிடையாது. சட்டைப் பைக்குள்ள கவரோட நுனி தெரியுது. என் முகத்தப் பாக்கல. தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு வாரான். அந்தத் தலையத் தொங்கப் போடுறது எனக்குத் தெரிஞ்ச தொங்கல், நான் போடுத தொங்கல். எம் மேல இரக்கப்படுதானா இவன்? அவன் வந்து புடவையோட அந்த முனைய எடுத்தான். பட்டுப் புடவைய ஒத்த ஆளா மடிச்சா மடிப்பு நிக்காது, ரெண்டு ஆளு வேணும். அந்தக் கோடியில அவன் ரெண்டு மூலையப் பிடிப்பான், இந்தக் கோடியில நான் பிடிப்பேன், ஒரு இழு இழுத்து, பிறகு அவன் என்னைப் பாக்க நடந்து வருவான், நான் அவனப் பாக்க நடந்து போவேன், நடுவுல கை சேரும்போது மூலைய அவன் எனக்குத் தருவான். தினம் இப்படி எத்தனை தடவை அவன் முகத்துக்குக் கிட்டப் போய்ட்டு வந்திருப்பேன், மூச்சு படுத அளவுக்கு. ஒரு தடவை கூட ஒண்ணும் கேட்டது கிடையாது. முதல் புடவை முடிஞ்சுது. ரெண்டாவதும் முடிஞ்சுது. வாழைக்குருத்துக் கலர்ல கை சேரும்போது கேட்டுட்டேன். நான் கேக்கணும்னு நெனச்சுக் கேக்கல. எம்புட்டுடே தந்தாவன்னு வந்துட்டு.

சவரி மூலைய விடாமப் பிடிச்சுக்கிட்டு நின்னான். சொல்லக் கூடாதுண்ணே, மாதா முன்னால சொல்லிட்டேன்னான். தெரியும்டே, நானும் சொல்லியிருக்கேன், எங்க சாமிக்கு முன்னாலன்னேன். அவன் என்னையவே பாத்தான். உன்னைய எதுக்குடே முதல்ல கூப்பிட்டாவன்னு கேட்டேன், தொகையை விட அதுதான் எனக்கு முக்கியமா இருந்துதுன்னு நெனைக்கேன். வண்டியாண்ணே, பின் சந்துல என் வண்டிய மறிச்சு நிறுத்தியிருந்தேன், சரக்கு இறக்க முடியலன்னு எடுக்கச் சொன்னாவ, வந்ததுதான் வந்த இதையும் வாங்கிட்டுப் போன்னாவன்னான். வண்டி. ஒரு மணி நேரமா நான் வெந்துக்கிட்டுக் கெடந்தது ஒரு மொபெட்டுக்கு. எனக்கு அப்படியே குளுந்து போச்சு, சிரிப்பு கூட வந்துது, எங்கயோ போன உசுரு திரும்பி வந்த மாதிரி. சரிடே, மடின்னு மூலைய இழுத்தேன். அவன் விடல. சுத்தி முத்தும் பாத்துட்டு, குரலத் தாழ்த்தி, அண்ணாச்சி தாழ்த்துத மாதிரியே தாழ்த்திச் சொன்னான்.

"உனக்குன்னு தனியாப் பாத்து வச்சிருக்கேன், வெளிய சொல்லிராதன்னாவண்ணே. முக்கியமா காளிக்குத் தெரியக் கூடாது, அவன் மூத்தவன், தாங்க மாட்டான்னாவ."

பிறகு தொகையச் சொன்னான். என் தொகை. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. இத்தனை வருஷம் முன்னால வந்து உக்காந்தவனுக்கும் அதுதான், பின்னால வந்தவனுக்கும் அதுதான், சாமி மட்டும்தான் வேற வேற. நான் எனக்கும் அதாம்டேன்னேன். அவன் முகம் சுருங்கிப் போச்சு. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது, அவனும் இத்தனை நாளு எம் மேல இரக்கப்பட்டுத்தான் தலையத் தொங்கப் போட்டிருக்கான். ரெண்டு பேரும் ஒருத்தனுக்கொருத்தன் பாவம்னு நெனச்சுக்கிட்டே எத்தனை புடவைய மடிச்சிருக்கோம். அவனுக்கு ஒரு நூறு ரூவா கூட இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு எனக்குப் பட்டுது, சத்தியமாச் சொல்லுதேன். யார் மேலயாவது எரியலாம்லா. இப்ப எரியறதுக்கு ஆளே இல்லாம வயித்துக்குள்ள வெறுமையா இருக்கு. சவரி மெதுவாக் கேட்டான், செண்பகம் மைனிக்கு இப்ப எம்புட்டுண்ணே, பேப்பர்ல வந்துதாமேன்னு. சொன்னேன். துப்புரவுக்கான்னு அவன் வாயத் திறந்தான், எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துட்டு, துப்புரவுக்குத்தான், சட்டத்துல இருக்கு, அவ மழையில உக்காந்து வாங்கினான்னேன். காலையில நானும் இதைத்தான நெனச்சேன், அது ஞாபகம் வந்தது அப்புறம்தான். நமக்கும் இருக்காம்டே சட்டத்துல, நம்ம வாங்குறது அதுக்கும் கீழன்னேன். எவ்வளவு கீழன்னான். ஜன்னலப் பாரு, கீழ டீக்கடையில ஒரு ஆளு நிக்கான், அவனுக்குத்தான் சரியாத் தெரியும், மனு எழுதுவான், ஒருத்தன் போட்டா பத்தாதாம்னேன். அவன் ஜன்னலுக்குப் போய்ப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். திரும்பி வந்து புடவையோட முனைய எடுத்தான். அவனுக்கும் ரெண்டு பிள்ளைங்க.

மணி அடிச்சுது. காளி, வாடேன்னு அந்த இழுப்பு. எங்க இருந்து வந்துதோ, அதைக் கேட்டதும் எங்கால் தன்னால எந்திரிச்சுது, முகம் தன்னால மலந்துது, இத்தனைக்கு அப்புறமும். வெக்கமா இருந்துது. படி இறங்குதேன். பின்னால இன்னொரு கால் சத்தம். திரும்பினா சவரி, மடிச்ச புடவைய மாருல அடுக்கிக்கிட்டு வாரான், கீழ ஷோகேஸுல வைக்கணும்லாண்ணேங்கான். இந்நேரத்துக்கு ஷோகேஸுல எவனும் புடவை வைக்க மாட்டான். வாடேன்னேன். சாமி ரூம்ல அதே சாம்பிராணி. முருகன், மாதா, லெச்சுமி, இப்பப் பாத்தாத்தான் தெரியுது, மூலையில மக்கா படம் கூட ஒண்ணு இருக்கு, சட்டை மாடியில நிக்கிற மைதீனுக்கு. கதவ ஒருக்களிச்சு வச்சாவ. துண்ணூறு பூசினாவ, விரல் குளுந்து இருந்துது, அந்த விரல எனக்கு இன்னமும் பிடிக்கத்தான் செய்யுது. கவர ரெண்டு கையாலயும் எடுத்து என் ரெண்டு கையில வச்சு, காதுகிட்டக் குனிஞ்சாவ. வெத்தலை வாசம். எனக்கு அந்த நேரத்துல செண்பகம் மேலதான் பொறாமையா இருந்துது, வேற யார் மேலயும் இல்ல. சட்டக் கூலியத் தாங்கன்னு அவ எப்பவோ சொல்லிட்டா, தார்ப்பாய்க்குக் கீழ உக்காந்துக்கிட்டு, எத்தனையோ பேருக்கு முன்னால. நான் இந்தச் சின்ன ரூமுக்குள்ள சொல்ல நாக்க எடுக்க முடியாம நிக்கேன். உனக்குன்னு தனியான்னு அண்ணாச்சி ஆரம்பிச்சாவ.

"அண்ணாச்சி, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க," ன்னேன். மெதுவாச் சொல்லணும்னுதான் வாயத் திறந்தேன், மாடியில இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு விலை சொல்லுத குரல்தான் வந்துது, எனக்கு வேற குரல் கிடையாது. "சவரி வெளிய நிக்கான். அவனுக்கும் கேக்கட்டும்."

வெளிய கல்லாவுல சத்தம் நின்னுட்டு. கவர் எங்க ரெண்டு பேர் கையிலயும் இருந்துது. அண்ணாச்சியும் விடல, நானும் விடல.